ஆயில் பெருகிய செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேங்கடேசன் வீட்டு டிராக்டர் ஷெட் தெரியும். ஜன்னலை அங்கே வைக்கச் சொன்னது நான் இல்லை, கொத்தனார் வைத்துவிட்டுப் போனார். வைத்த பிறகு திறக்காமல் இருக்க முடியுமா, காற்று வர வேண்டுமே. காற்று வாங்கும்போது கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறேன். கூடுதலாக ஒன்றும் சேர்க்க மாட்டேன். சேர்க்கத் தேவையும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால், பெருமுக்கல் மலை ஜன்னலுக்கு வெளியே பெரிதாகிற இடத்தில் எங்கள் ஊர். ஊருக்கு டிராக்டர் என்றால் அது வேங்கடேசனுடையதுதான். வண்டி அவருடையது, ஓட்டுவது சேரன். வேங்கடேசனுக்கும் ஓட்டத் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒருமுறை ரிவர்ஸ் எடுத்து மாட்டுத் தொட்டியை உடைத்தார். அதற்குப் பிறகு வரப்பில் நின்று வாயால் ஓட்டுவதோடு சரி.

ஐப்பசி மழை பிடித்ததென்றால் வயலில் வண்டி இறங்காது. சேரன் குயிலாப்பாளையம் பக்கம் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடுவான். சனிக்கிழமை வருவான், ஞாயிற்றுக்கிழமை தூங்குவான், திங்கட்கிழமை போய்விடுவான். டிராக்டர் ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பொங்கல் வரைக்கும் கிடக்கும். சாவி இரண்டு. ஒன்று வேங்கடேசன் வீட்டுப் பூஜை அலமாரி ஆணியில், இன்னொன்று சேரனிடம்.

போன வருஷம் மழை முடிந்து முதல் உழவு அன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி படுத்துவிட்டது. வயலுக்காரர்களெல்லாம் வந்து சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வேங்கடேசன் பெண்டாட்டி தையல்நாயகிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. இந்த வருஷம் மழை ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டு, "இந்தாடி காந்தி, வண்டிக்கு ஒரு நோன்பு இருக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"வண்டிக்கா?"

"புள்ளைக்கு இருக்கிறோம், புருஷனுக்கு இருக்கிறோம். சோறு போடுற வண்டிக்கு இருந்தா இன்னா?"

அப்படி ஒரு நோன்பு எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. தையல்நாயகியே தயாரித்தது. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பில் கொஞ்சம், ஆயுத பூஜையில் கொஞ்சம், மீதி அவள் மனசுக்குத் தோன்றியது. உப்பில்லாத கொழுக்கட்டை. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கற்பூரத் தட்டோடு அதைச் சுற்றி வர வேண்டும். கற்பூரம் அணைந்ததும் வண்டியையும் அணைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, மாசி மகம் வரைக்கும் யாரும் இதை ஆம்பளை காதில் போடக்கூடாது. போட்டால் என்ஜின் பொசுங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமைக்குக் காரணம் உண்டு. அவர்கள் மகள் வெண்ணிலா விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். செவ்வாய்தோறும் வேங்கடேசன் தூக்குச் சட்டியில் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு காலை பஸ் ஏறிவிடுவார். முன்பெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதான் போவார். இந்த மழையில் மட்டும் தையல்நாயகிக்கு வாராவாரம் மகள்மேல் பாசம் பொங்கியது. அந்தப் பெண் போனில், "அப்பா, கொஞ்ச நாளைக்கு மீன் வேணாம்பா" என்று கெஞ்சியதாகக் கேள்வி.

பஸ் முனை திரும்பி, தெரு ஆம்பளைகளும் வேலைக்குப் போனதும், பூஜை அலமாரிச் சாவியோடு தெருப் பெண்களெல்லாம் ஷெட்டுக்குள் போவோம். ஜெசிந்தாவைக் கூப்பிடவில்லை. அவள் சேரன் பெண்டாட்டி, ஏரிக்கரைத் தெரு. சர்ச்சுக்குப் போகிறவள் ஆச்சே என்பது நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்ட காரணம். மீந்த கொழுக்கட்டையை ஆம்பளைகள் கண்ணில் காட்டக்கூடாது என்பதால் நாங்களே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. கஷ்டம்தான், என்ன செய்வது.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்நாயகி என்ஜின் பக்கத்திலிருந்து ஆயில் அளக்கிற கம்பியை உருவினாள். சேரன் அப்படி உருவிப் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அடுத்த வாரம் பார்த்தால் கொஞ்சம் மேலே. அதற்கடுத்த வாரம் மேல்கோட்டைத் தொட்டது. மார்கழி முடிவதற்குள் கோட்டையும் தாண்டிவிட்டது.

"யாராவது ஊத்தினீங்களாடி?" என்றாள் தையல்நாயகி.

யாரும் ஊற்றவில்லை. ஊற்றுவதற்கு வழி எது என்றே எங்களுக்குத் தெரியாது. எதிர் வீட்டு முனியம்மாள் கம்பியிலிருந்து ஒரு பொட்டு ஆயிலை விரலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் இரண்டு நாள் எரிந்தது. சக்தி உள்ள ஆயில் என்று அதற்கும் அவளே விளக்கம் சொன்னாள். பெருகுகிற ஆயில் ஊரில் வேறு எந்த வீட்டில் இருக்கிறது? தையல்நாயகி நடையே மாறிப்போனது. ஆம்பளைகளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்கே நான் சொல்லவில்லை என்றால் எவ்வளவு பெரிய ரகசியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்தது, மண் காய்ந்தது, மல்லாட்டைக் கடலை விதைப்புக்கு உழவு கேட்டு ஆட்கள் வந்தார்கள். சேரன் குயிலாப்பாளையத்திலிருந்து திரும்பி வந்து தார்ப்பாயை எடுத்தான். முதல் உருட்டிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. தையல்நாயகி வாசலில் நின்று என் ஜன்னலைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

சேரன் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆயிலு கோட்டுக்கு மேல நிக்குது. நீங்க ஊத்தினீங்களா?" என்றான்.

"நான் இன்னாத்துக்கு ஊத்துறேன்? ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே."

"நல்லதில்லண்ணே."

"போடா, கொறஞ்சாத்தான் கவலை" என்றுவிட்டு வேங்கடேசன் டீ குடிக்கப் போய்விட்டார்.

குறைய ஆரம்பித்தது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி உழவுக்கு இறங்கிய நாளிலிருந்து சைலன்சரில் நீலப் புகை. சாயங்காலம் கம்பியை உருவினால் காலையில் இருந்த இடத்தில் ஆயில் இல்லை. ஊற்றினால் மறுநாள் அதுவும் இல்லை. தரையில் ஒரு சொட்டு ஒழுகலும் கிடையாது. புகழேந்தி டீக்கடையில் இதுதான் பேச்சு. ஆயில் எங்கே போகிறது என்பதற்கு டீ குடித்தவர்களெல்லாம் விடை சொன்னார்கள். சுற்றிச் சுற்றி எல்லாரும் ஓட்டுகிறவன் மேல்தான் வந்து நின்றார்கள். வேங்கடேசன் கம்பியை முகர்ந்து பார்த்து, ஆயிலில் டீசல் வாடை அடிக்கிறது என்றாரோ இல்லையோ, விஷயம் முடிவாகிவிட்டது. மழையில் ஆயிலை எடுத்து விற்றிருக்கிறான், அளவு காட்ட டீசலை ஊற்றி வைத்திருக்கிறான். இதை வேங்கடேசனே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் ஜன்னலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சேரா, மழையில வண்டியாண்ட வந்தியா?" என்றார் வேங்கடேசன்.

"இல்லண்ணே."

"ஞாயித்துக்கெழம ஊர்லதானே இருந்த?"

"இருந்தேன். தூங்கிக்கினு இருந்தேன்."

"ஆயில்ல டீசல் எப்படி வந்துச்சு?"

"அதத்தாண்ணே நானும் கேக்கிறேன். மொத நாளே சொன்னேன், ஜாஸ்தியா நிக்குதுன்னு. நீங்கதான் நல்லதுன்னீங்க."

"எடுத்தவன் மாட்டிக்கக் கூடாதுன்னு ஊத்தி வச்சிருக்கான்."

"எடுத்தவன்னா யாருண்ணே?"

வேங்கடேசன் கையை மட்டும் நீட்டினார். "சாவியக் குடு."

சேரன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். அவர் கையில் கொடுக்கவில்லை, மட்கார்டு மேல் வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். சத்தமில்லை, சண்டையில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

விதைப்பு நேரத்தில் ஆயில் திருடன் என்று பெயர் வாங்கிய டிரைவரை இந்தச் சுற்று வட்டாரத்தில் எவன் வண்டியில் ஏற்றுவான்? பக்கத்து ஊரில் ஒரு வண்டிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று போயிருக்கிறான். அவர்கள் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டு மறுநாளும் ஆள் தேடினார்கள்.

நான் தையல்நாயகி வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தை வைத்துக்கொண்டு ஏற்கெனவே சுத்தமாயிருந்த அரிசியில் கல் தேடிக்கொண்டிருந்தாள்.

"தையலு, வண்டிய ஓட்டிவிட்டது நாம. பழி அவன் மேல விழுந்திருக்கு."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? நாம ஆயிலயா தொட்டோம்?"

"முனியம்மா தொட்டுச்சே."

"வெளையாடாத. மாசி மகம் வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. ஆயிலு கொறையறதே நம்மள்ல எவளோ தொறந்துட்டதாலதான்" என்று சொல்லி என்னையே பார்த்தாள்.

நான் ஏன் திறக்கப் போகிறேன்? கோபமாக வந்துவிட்டேன்.

மறுநாள் ஜெசிந்தா வந்தாள். காரணமில்லாமல் எங்கள் தெருவுக்குள் வராதவள். திண்டிவனத்தில் துணிக்கடையில் வேலை, அந்தக் கடை யூனிஃபார்ம் புடவையோடு வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"அக்கா, இந்தத் தெருவுல யார் வீட்டுல இன்னா கொழம்புன்னு உங்களுக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"உங்க ஜன்னல் அந்த ஷெட்ட பாத்துக்கினுதான இருக்குது. மழையில அவரு அங்க வந்ததப் பாத்தீங்களா?"

"இல்லயே."

"வேற யாராவது வந்தாங்களா?"

ஊர்க் கதையெல்லாம் என் வாயில்தான் இருக்கும் என்பார்கள். அன்றைக்கு அந்த வாயில் ஒரு பதில் இல்லை. 

ஜெசிந்தா கோழி போன பக்கம் பார்த்தாள். "சரிக்கா. ஊரே பேசிக்கினு இருக்கச்சே பேச வேண்டியவங்க பேசாம இருக்கிறதுதான் பேஜாரா இருக்குது" என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் போய்விட்டாள்.

அன்று முழுக்க யோசித்தேன். விதியை ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். ஆம்பளை காதில் விழக்கூடாது. அவ்வளவுதான். பொம்பளை காதைப் பற்றி நோன்பில் ஒரு வார்த்தை கிடையாது.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் டிராக்டர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவள் இசைவாணி. விழுப்புரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாக ஆரம்பித்தவள். வேங்கடேசன் வண்டிக்கும் அவள்தான் பார்ப்பாள். பஸ் ஏறிப் போனேன். ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் தெரிந்தது.

"வாணி, பக்கத்துல ஆம்பளை யாராவது இருக்காங்களா?"

"இல்லயே. ஏங்க்கா?"

"நீ பொம்பளதானே?"

கால் அசையாமல் நின்றது. பிறகு ஆள் வெளியே வந்தாள். "ஆதார் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு. இன்னா விஷயம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொழுக்கட்டையிலிருந்து முனியம்மாள் கண் வரைக்கும். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"அக்கா, வண்டி சும்மா நின்னிருந்தாக்கூடப் பரவால்ல. ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடு ஏறதுக்குள்ள நிறுத்திட்டா, எரியாத டீசல் பிஸ்டன் ரிங்கு சந்துல எறங்கி ஆயிலோட சேர்ந்துக்கும். வாராவாரம் அதயே பண்ணா ஆயில் ஏறாம இன்னா பண்ணும்?"

"அப்ப சாமி ஊத்தல?"

"நீங்கதான் ஊத்தினீங்க. கற்பூரத்தால."

"அப்புறம் ஏன் கொறையுது?"

"உழவுல என்ஜின் கொதிக்குது. கலந்த டீசல் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போவும். ரிங்கெல்லாம் கரி புடிச்சு ஒட்டிக்கினு இருக்கும், அந்தச் சந்து வழியா ஆயில் மேல ஏறி எரியும். அதான் நீலப் புகை. திருடன் வெளியில இல்லக்கா, சைலன்சர்லயே போய்க்கினு இருக்கான்."

"இத வேங்கடேசன் கிட்ட சொல்லணும். ஆனா நாங்க சொன்னதாத் தெரியக்கூடாது. மாசி மகம் வரைக்கும்."

"நீங்க ஏன் சொல்லணும்? என்ஜினு சொல்லும்" என்றாள் இசைவாணி.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், வண்டி புகைக்கிறதாமே என்றாள். வேங்கடேசனுக்குச் சந்தோஷம். நான் துவரம்பருப்பு ஒரு டம்ளர் கடன் கேட்கும் சாக்கில் ஷெட் பக்கம் போய் நின்றேன். தையல்நாயகி தூணோடு தூணாக நின்றாள்.

இசைவாணி கம்பியை உருவி, முகர்ந்து, ஒரு சொட்டைப் பேப்பரில் வைத்தாள். சொட்டைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பரவியது. "ஆயிலை யாரும் எடுக்கலண்ணே. மழையில இந்த வண்டிய வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி, உடனே நிறுத்தியிருக்காங்க. அதனால வந்த டீசல் இது."

"யாரு? சேரனா?"

"சேரன் வெளியூர்ல இல்ல இருந்தாரு? இது ஞாயித்துக்கெழம வேலை இல்லண்ணே. வார நடுவுல, நீங்க ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து. மெதுவா, ஆசையா பண்ணியிருக்காங்க."

வேங்கடேசன் என்ஜினை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். "இவ்ளோத்தையுமா என்ஜின் சொல்லுது?"

"நல்ல என்ஜின்ணே. எதையும் மறைக்காது" என்று சொல்லிவிட்டுக் கூரையைக் கைகாட்டினாள் இசைவாணி.

சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே சிமெண்ட் ஷீட்டில் தோசைக்கல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. வேங்கடேசன் கரியைப் பார்த்தார். மழை முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டிக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு கரி என்று அவர் மனசில் ஓடியது முகத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். தையல்நாயகி, ஷீட்டு போட்ட அன்று பார்த்ததுதான், இப்போதுதான் மறுபடி பார்க்கிறேன் என்கிற மாதிரி கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவ்வாய்க்கெழம" என்றார் வேங்கடேசன். கொஞ்சம் கழித்து, "மீன் கொழம்பு" என்றார்.

 இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். எந்தப் பெண்ணும் எந்த ஆம்பளை காதிலும் ஒரு வார்த்தை போடவில்லை. அவராகவே தெரிந்துகொண்டார். நோன்பு கெடவில்லை. இதில் தையல்நாயகிக்கு இன்றைக்கு வரைக்கும் ரொம்பப் பெருமை.

அன்று மத்தியானமே வேங்கடேசன் ஏரிக்கரைத் தெருவுக்குப் போய், சேரா வா, வண்டிய எடு என்று ஒன்றுமே நடக்காததுபோல் கூப்பிட்டிருக்கிறார். சேரன் எழுந்திருக்கவில்லை. ஜெசிந்தாதான் பேசினாளாம். "டீக்கடையில வச்சுத் திருடன்னு சொன்னீங்க. வீட்டாண்ட வந்து வான்னு கூப்பிட்டா எப்படிங்க சரியாகும்? சொன்ன எடத்துலயே சொல்லுங்க."

சாயங்காலம் புகழேந்தி டீக்கடையில் நல்ல கூட்டம். எங்கள் வீட்டுக்காரரைச் சர்க்கரை வாங்க அனுப்பினேன். டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது, இருந்தும் அனுப்பினேன். அவர் வந்து சொன்னதுதான் இது. வேங்கடேசன் எழுந்து நின்று, "ஆயில எவனும் எடுக்கல. சேரன் மேல ஒரு தப்பும் இல்ல, நான் சொன்னது தப்பு. மழையில நானே சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணி வண்டியக் கெடுத்துட்டேன்" என்றாராம். டீக்கடை விடுமா? "ஏங்க, ஸ்டார்ட் பண்ணி உக்காந்துக்கினு வாயால டுர்ருன்னு ஓட்டுனீங்களா?" என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். வேங்கடேசன் அதற்கும் தலையை ஆட்டினாராம்.

கேட்டதும் எனக்கு அந்த மனுஷன் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. தையல்நாயகிக்கும் வந்திருக்க வேண்டும். அன்று அவர்கள் வீட்டில் வடை வாசனை.

சேரன் வந்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "ரெண்டு சாவியும் என்கிட்டதாண்ணே இருக்கும்." வேங்கடேசன் உள்ளே திரும்பிப் பார்த்தார். பூஜை அலமாரி ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து சேரன் கையிலேயே கொடுத்தது தையல்நாயகி. குங்குமம் ஒட்டியிருந்தது. சேரன் அதைத் துடைக்காமலே பையில் போட்டுக்கொண்டான்.

இசைவாணி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிக் கொடுத்தாள். "பொத்திப் பொத்தி ஓட்டாதீங்க. நல்ல லோடு ஏத்தி, என்ஜின் சூடாகி வேலை செய்யட்டும். ஒட்டுன ரிங்கு தானா விட்டாலும் விடும். விடலன்னா பிரிச்சுப் பாக்கணும்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் வேங்கடேசன் முகம் தொங்கிவிட்டது. பெருமுக்கல் மலை அடிவாரத்தில் கோயில் படிக்கட்டு வேலைக்கு ஜல்லி கேட்டிருந்தார்கள், அதை ஏற்றிப் போய்ப் பார்க்கலாம் என்று முடிவானது.

"லோடு போதாதுன்னா நாங்களும் ஏறிக்கிறோம்" என்றாள் தையல்நாயகி. மாசி மகம் நெருங்கியிருந்தது. நோன்பை எங்கேயாவது முடிக்க வேண்டுமே.

டிரெய்லரில் கீழே ஜல்லி, மேலே தார்ப்பாய், தார்ப்பாய் மேலே நாங்கள். தையல்நாயகி என்னைப் போகச் சொல்லாமல் அவளே ஏரிக்கரைத் தெருவுக்குப் போய் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இன்னும் அது ஒரு குறை. ஜெசிந்தா தார்ப்பாய்க்கு வரவில்லை. சேரன் பக்கத்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். "நான் கோயிலுக்கு வரல. வண்டியப் பாக்க வர்றேன்" என்றாள். தையல்நாயகி ஒரு கொழுக்கட்டையை அவளிடம் நீட்டினாள். ஜெசிந்தா கடித்துவிட்டு, "உப்பு மறந்துட்டீங்களே" என்றாள்.

வண்டி கிளம்பியபோது நீலப் புகை எங்கள் தலைக்கு மேல் கூடாரம் போட்டது. முனியம்மாள் இருமினாள். எதிரே வந்த பஸ்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான். சேரன் கியரை மாற்றி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். ஜல்லியும் நாங்களும் சேர்ந்து அந்த என்ஜினைக் கதறவிட்டோம். தையல்நாயகி வழி நெடுக மலையைப் பார்க்கவில்லை, சைலன்சரையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரி தாண்டியதும் புகை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. கண் பழகிவிட்டதோ என்று நினைத்தேன். ஏற்றத்தில் ஏறும்போது நிஜமாகவே குறைந்திருந்தது. குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பனைமரம் தெரிந்தது.

ஜல்லியை இறக்கி, சாமியைக் கும்பிட்டு, இன்னொரு நடையும் அடித்துவிட்டு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினான் சேரன். ஆயில் கீழே இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்தான்.  பிறகு எழுந்து கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு உருவினான். நாங்கள் எல்லாரும் அவன் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டினோம்.

ஆயில் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றது.

"அப்படியே இருக்குது" என்றான் சேரன். ஜெசிந்தாவுக்கும் காட்டினான். அவளுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

முனியம்மாள் மட்டும் கண்ணைச் சுருக்கி, கம்பியின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் பார்த்தாள். "ஒரு பொட்டுகூட ஏறலயா?"

"ஏறலம்மா. ஏறக்கூடாது."

"கோயில் வாசல் வரைக்கும் வந்தும் ஏறலயே" என்று மலையை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, குறைப்பட்டுக்கொண்டே தார்ப்பாயில் ஏறி உட்கார்ந்தாள்.